வெயிலில் ஊதாவாகும் எண்ணெய்

வெட்பாலை இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். அதே இலையைக் கையால் கிழித்துத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெயில் முதலில் ஒரு செம்மை ஓடும். பிறகு ஊதாவாகும். ஒரு வாரம் போனால் கருத்த ஊதா. இலை பச்சை, எண்ணெய்க்கோ நிறமே இல்லை. சாயம் என்று எதையும் யாரும் சேர்க்கவில்லை. கண்ணாடிப் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மனசு நம்ப மறுக்கும்.

சத்தியமங்கலத்திலிருந்து கடம்பூர் மலைக்கு ஏறும் சாலைக்குக் கீழே, சோளக்காடும் கிளுவை வேலியுமாகக் கிடக்கும் ஒரு சிற்றூரில் இந்தத் தைலத்தைச் செய்கிறார்கள். மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த சில பெண்கள். ஓட்டு வீடு ஒன்றின் தாழ்வாரமும் வாசலும்தான் அவர்களுடைய வேலையிடம். வெட்பாலைத் தைலத்தோடு கரிசலாங்கண்ணி எண்ணெய், அரப்பு, சீயக்காய்த் தூள், நலங்கு மாவு என்று பருவத்துக்குத் தக்கபடி வேலை மாறும். சித்திரை வெயில் உச்சத்தில் இருக்கும்போது வரச் சொன்னார்கள். தைலம் போட அதுதான் காலம். மாசியில் மொட்டையாக நின்ற மரம் பங்குனியில் தளிர்த்து, வெள்ளைப் பூவும் வைத்து, சித்திரையில் இலை முற்றி நிற்கும். வெயிலுக்கும் குறைவிருக்காது.

இலை பறிக்க விடிந்ததும் கிளம்பினோம். முன்னால் நடந்தது ஊரே ஆத்தா என்று கூப்பிடும் மூத்த பெண்மணி. எழுபதைத் தாண்டியவர். பள்ளத்தோரம் ஒரு மரத்தைக் காட்டி, "இதுதானுங்களா ஆத்தா?" என்றேன். இலை அப்படியே இருந்தது. கிள்ளினால் பாலும் வந்தது. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இது குடசப்பாலை கண்ணு. எலையப் பாத்தா எல்லாம் ஒண்ணாட்டந்தான் இருக்கும். காயப் பாத்துப் பழகோணும்."

வெட்பாலையின் காய் இரட்டையாகத் தொங்கும். மெல்லிய நீண்ட இரண்டு காய்களும் நுனியில் ஒட்டிக்கொண்டு இடுக்கி போலிருக்கும். குடசப்பாலைக் காய்கள் ஒட்டாமல் தனித்தனியே தொங்கும். இரண்டும் மருந்து மரங்கள்தான், ஆனால் வேறு வேறு மருந்துக்கு. போதாததற்கு, நச்சுச் செடியான அரளியும் இதே குடும்பம். இலையைக் கிள்ளினால் பால் வரும் என்ற ஒரே அடையாளத்தை வைத்துக்கொண்டு கைபேசியில் படம் பார்த்துப் பறிக்கப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. வீட்டு மருந்து செய்ய விரும்புகிறவர் முதலில் கற்க வேண்டியது மரத்தை. செய்முறை அதற்குப் பிறகுதான்.

பறித்த இலையைக் கழுவி, நிழலில் துணிமேல் பரப்பி, ஈரம் சுத்தமாக வற்றும்வரை விடுகிறார்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் எல்லாம் வீண். ஒரு துளி நீர் தங்கினாலும் எண்ணெயில் பூசணம் பிடிக்கும், சிக்கு வாடை அடிக்கும். பிறகு நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து இலையைக் கையால் கிழிக்கிறார்கள். கத்தி கூடாது, இரும்பே படக்கூடாது என்பது கட்டுப்பாடு. காரணம் கேட்டேன். "எங்காத்தா சொல்லிக் குடுத்தது அப்படிங்க" என்றார் ஒரு அக்கா. கிழித்த இலை மூழ்கும் அளவுக்குச் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய். வாயில் வெள்ளைத் துணி கட்டி வெயிலில் வைப்பார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாப் பாட்டில்களையும் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனி இறங்கக் கூடாது. காலையில் திரும்பவும் வாசலுக்கு. சித்த மருத்துவத்தில் இதற்குச் சூரிய புடம் என்று பெயர். அடுப்பில் ஒரு மணி நேரத்தில் முடிக்கலாமே என்று கேட்டதற்கு, "நெறம் வந்துருமுங்க, கொணம் வராது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் ஆத்தா.

அந்த ஊதாவுக்கு வேதியியல் விளக்கம் உண்டு. நீலச் சாயம் என்று நாம் அறிந்த அவுரியின் நிறப்பொருளுக்கு மூலமாகும் நிறமற்ற பொருள் வெட்பாலை இலைக்குள்ளும் இருக்கிறது. இலை கிழிபட்டுக் காற்று படும்போது அது நிறமாக மாறுகிறது. நீலமான இண்டிகோவும், அதன் சிவந்த உறவான இண்டிரூபினும் சேர்ந்தால் ஊதா. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரையில் வேலை பார்த்த தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க், இந்த மரத்தின் இலையிலிருந்து நீலச் சாயம் எடுக்க முடியுமா என்று முனைந்து ஆராய்ந்தார். கர்நாடகத்துச் சன்னப்பட்டணத்தில் அரக்குப் பூச்சு மரப்பொம்மைகள் கடைவதும் இந்த மரத்தில்தான். இண்டிரூபின் தோல் நோய்க்கு எப்படி உதவுகிறது என்று இன்று உலகின் பல ஆய்வுக்கூடங்கள் பார்க்கின்றன. சீன மருத்துவத்தில் தோல் செதில் நோய்க்குப் பூசும் நீலப் பொடியிலும் அதே பொருள் உண்டு. சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸுக்கு வெட்பாலைத் தைலத்தைத் தருகிறார்கள். மத்திய அரசின் சித்த ஆய்வு அமைப்பும் இதை 777 எண்ணெய் என்ற பெயரில் நோயாளிகளிடம் ஆய்ந்திருக்கிறது.

தைலத்துக்கு வெயில் என்றால், கரிசலாங்கண்ணி எண்ணெய்க்குத் தீ. இந்த வேலையில் யார் கைகாரர் என்பது இங்கேதான் தெரிகிறது. கரிசலாங்கண்ணியை ஆட்டுக்கல்லில் ஆட்டிச் சாறு பிழிகிறார்கள். சாறும் எண்ணெயும் சம அளவு. ஆயுர்வேதத்தின் பொது விதி இன்னும் தாராளம்: அரைத்த விழுது 1 பங்கு என்றால் எண்ணெய் 4 பங்கு, சாறோ கஷாயமோ 16 பங்கு. வீட்டு வழக்கம் அதைச் சுருக்கிக்கொண்டது. அடிகனமான சட்டி, விறகடுப்பு, தணிந்த தீ.

சாற்றில் தண்ணீர் இருக்கும்வரை எண்ணெயின் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். கொடுத்த வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். தண்ணீர் தீர்ந்த நொடியிலிருந்து சூடு விறுவிறுவென்று ஏறும். சில நிமிடம் கவனம் தப்பினால் மூலிகை கருகி எண்ணெய் காறிப்போகும். முன்னதாக இறக்கினால் ஈரம் தங்கி, கெட்டுப்போகும். நடுவில் இருக்கும் அந்தச் சிறு இடைவெளியைத்தான் பதம் என்கிறோம். அடுப்படியில் நின்ற அக்காவிடம் வெப்பமானி எதுவும் இல்லை. அவர் காதால் பார்த்தார். சடசடவென்ற சத்தம் மெல்ல அடங்கி, நுரை பொங்கத் தொடங்கியதும் விறகைப் பின்னுக்கு இழுத்தார். கரண்டி நுனியில் கொஞ்சம் வண்டலை எடுத்து ஆறவிட்டு, விரலிடையே உருட்டினார். மெழுகாகத் திரண்டது. அதைத் திரியாக்கி நெருப்பில் காட்டினார். பொரியாமல் எரிந்தது. ஈரம் இருந்தால் வெடிக்கும். "மெழுகு பதமுங்க. தலைக்கு இது போதும். இன்னுங் கொஞ்சம் உட்டா மணல் பதமாயிரும்" என்றபடி சட்டியை இறக்கினார். புகையில் அவர் கண்கள் சிவந்திருந்தன. சட்டி ஆறும்வரை இடுப்பைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார்.

அரப்பு என்பது உசில மரத்தின் இலைப் பொடி. கொங்குப் பக்கம் எண்ணெய்க் குளியலுக்கு அதை விட்டால் வேறு பேச்சில்லை. சீயக்காய் மலைமேலிருந்து வருகிறது. தை முதல் பங்குனி வரை ஊராளிப் பழங்குடியினர் காட்டில் சேகரிக்கிறார்கள். மரங்களில் படர்ந்து ஏறும் முட்கொடி அது. காயைப் பறிக்கும் கையெல்லாம் கீறல். சத்தியமங்கலம் காடு 2013இல் புலிகள் காப்பகமானது. சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. ஆனால் காட்டு வாசலில் அந்த உரிமையை ஒவ்வொரு பருவத்திலும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார் காய் கொண்டுவந்த பெண்.

அரைக்கிற இடம் இன்னொரு பாடு. மாவு மில்லில் சீயக்காயை எடுக்க மாட்டார்கள். அடுத்து வருகிறவரின் அரிசி மாவு கசந்துவிடும். அரப்புக்கும் சீயக்காய்க்கும் தனி மெஷின் வைத்திருக்கும் இடத்துக்கு மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றிப் போகிறார்கள். நுரை தரும் அதே சத்துத்தான் மூக்கில் ஏறினால் அடுக்கடுக்காகத் தும்மல் வரவைக்கிறது. முந்தானையால் முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சலிக்கிறார்கள். நல்ல முகக்கவசமும் மூடிய சல்லடையும் இந்தப் பெண்களுக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டும்.

நலங்கு மாவுக்குப் பச்சைப்பயறு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், கஸ்தூரி மஞ்சள். இதில் கஸ்தூரி மஞ்சள் ஒன்றுதான் தொல்லை. கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் வேறு கிழங்கு. உண்மையான கஸ்தூரி மஞ்சளின் உள்ளே வெளிறிய நிறமும் கற்பூர வாசனையும் இருக்கும். கன்னத்தில் மஞ்சள் ஒட்டாது.

இவ்வளவு வேலைக்கும் என்ன கிடைக்கிறது? குழுவின் நோட்டைப் பார்த்தேன். எண்ணெய், பாட்டில், விறகு, மெஷின் கூலி, பஸ் செலவு எல்லாம் வரி வரியாக எழுதியிருந்தது. அவர்களுடைய கூலிக்கு மட்டும் ஒரு வரி இல்லை. மிஞ்சியதைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025–26இல் நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். பதம் பார்க்கத் தெரிந்த கைக்கு அந்த அளவுகூட வருவதில்லை.

ஏன் பெரிதாக விற்கவில்லை என்று கேட்டால் சட்டம் குறுக்கே நிற்கிறது. நோயின் பெயரைச் சொல்லி விற்றால் அது மருந்து. 1940ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டப்படி சித்த மருந்து தயாரிக்க உரிமம் வேண்டும். உரிமத்துக்கு 1200 சதுர அடியாவது கட்டடம், வேலைக்கொரு தனி அறை, படித்த நிபுணர் எல்லாம் வேண்டும். தன்னிடம் வரும் நோயாளிக்குத் தானே செய்து கொடுக்கும் பதிவுபெற்ற வைத்தியருக்கு இந்த உற்பத்தி விதிகளில் விலக்கு உண்டு. இந்தப் பெண்கள் வைத்தியர்கள் அல்லர். சரி, நோயின் பெயரே சொல்லாமல் கூந்தல் எண்ணெய், குளியல் பொடி என்று விற்கலாமா? அப்போது அது அழகுசாதனப் பொருள். அதற்கும் உரிமம் உண்டு, செய்யும் இடம் குடியிருக்கும் வீடாக இருக்கக் கூடாது. இதே தாழ்வாரத்தில் ஊறுகாய் போட்டால் சிறு உணவுத் தயாரிப்பாளருக்கான எளிய பதிவு கிடைக்கும். வாயால் உண்ணும் பொருளுக்கு இருக்கிற வழி, தலையில் தேய்க்கிற பொருளுக்கு இல்லை. அதனால் தெரிந்தவர்களுக்குக் கைமாற்றுவதோடு இவர்களுடைய வியாபாரம் நின்றுவிடுகிறது. மற்றபடி இலையையும் காயையும் மூட்டைக் கணக்கில் வியாபாரியிடம் போட வேண்டியதுதான்.

சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணெயில் எதைக் கலந்தார்கள் என்பதைப் பார்க்க ஒரு கண் தேவை. சொரியாசிஸ் போய்ப் போய்த் திரும்புகிற நோய். எந்த எண்ணெயையும் நம்பி, மருத்துவர் கொடுத்த மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் அது முன்னைவிட மூர்க்கமாகக் கிளம்பலாம். கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் நுரையீரலைப் பாதிக்கும். இவற்றை அந்தத் திண்ணையிலும் பேசினோம். "நாங்க நோயிக்குன்னு குடுக்கறதில்லீங்க. டாக்டரக் கேட்டுட்டு வாங்கன்னுதான் சொல்லுவோம்" என்றார் நோட்டு எழுதும் அக்கா. அந்தப் பொறுப்பு அவர்களிடம் இருக்கிறது.

இந்தத் தயாரிப்பாளர்களுக்கென்று ஓர் எளிய பதிவு முறை வர வேண்டும். சில குறிப்பிட்ட பொருள்கள், நோயைக் குணமாக்கும் என்ற வாக்குறுதி கூடாது என்ற நிபந்தனை, சேர்த்த பொருளும் செய்த தேதியும் எழுதிய சீட்டு, மாவட்டத்துக்கு ஒரு மலிவான பரிசோதனைக் கூடம். இவை போதும். மாநில அரசு நினைத்தால் மத்திய அரசிடம் இதைக் கேட்டு வாங்க முடியும். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இப்படிப்பட்ட பெண்களிடம் வாங்கும்போது என்ன இலை, எப்போது போட்டது, எத்தனை நாள் வெயில் கண்டது என்று கேளுங்கள். விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.