திறந்த கூரையும் திறந்த பத்திரமும்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

இந்த வாரம் ஒரு காரைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். இதில் வருகிற தம்பியிடம் அனுமதி கேட்டே எழுதுகிறேன். "என் பெயரை மட்டும் போடாதீர்கள், ஐயா" என்றார். ஆனால் அவருடைய கதையைவிட என்னுடைய கதையே இதில் அதிகம் என்பதை வாசிக்கும்போது அறிந்துகொள்வீர்கள்.

சில வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலையில் போதகர் இல்லத்தின் வாசலில் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. இரண்டே இருக்கைகள். மேற்கூரை துணியாலானது, ஒரு பொத்தானை அழுத்தினால் மடங்கிப் பின்புறம் ஒடுங்கிவிடும். தெருப் பிள்ளைகள் அனைவரும் கூடிவிட்டார்கள். ஓட்டி வந்தவர் நம் ஓய்வுநாள் பள்ளியில் வளர்ந்து, இன்று சென்னையில் நல்ல வேலையில் இருக்கிற தம்பி. ஜெர்மனியத் தயாரிப்பு, எட்டு ஆண்டுகள் ஓடியது, டெல்லிப் பதிவெண். புதிதாக வாங்கினால் 70 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகுமாம். தரகர் 25 லட்சத்திற்குத் தருகிறாராம். 1 லட்சம் முன்பணம் கொடுத்து, ஒரு நாள் ஓட்டிப் பார்க்க வாங்கி வந்திருந்தார். "ஐயா, முதலில் நீங்கள் ஏறி உட்காருங்கள், பிறகு ஜெபிக்கலாம்" என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். திருவண்ணாமலைச் சாலையில், கிருஷ்ணகிரிக்கும் ராஜகிரிக்கும் நடுவே போனோம். இந்தச் சாலையில் பேருந்திலும் இருசக்கர வாகனத்திலும் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆயினும் தலைக்குமேல் ஒன்றுமில்லாமல் சாய்ந்து உட்கார்ந்தபடி, அந்தக் கற்குன்றுகளை உச்சிவரை அண்ணாந்து பார்த்தது அன்றுதான். மாலை வெயில் பாறைகளின்மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு பத்து நிமிடம் என் வயதை மறந்தேன். அந்த மகிழ்ச்சியை மறைத்தால் நான் உங்களுக்கு உண்மையாயிருக்க மாட்டேன்.

திரும்பி வந்ததும் தம்பி தயங்கித் தயங்கி ஒரு காரியத்தைச் சொன்னார். நம் மாநிலத்தில் 2023 நவம்பர் முதல் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். வெளிமாநிலத்திலிருந்து வரும் பழைய கார்களுக்கு வயதைப் பொறுத்து வரி குறையும். ஆனாலும் இத்தகைய காருக்கு அது லட்சக்கணக்கில்தான் வரும். புதுச்சேரியில் வரி மிகக் குறைவு. "இங்கிருந்து 70 கிலோமீட்டர்தானே, ஐயா. அங்கே உங்களுக்குப் பழக்கமான போதகர் இருக்கிறார். அவர் வீட்டு முகவரியில் ஒரு வாடகை ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தால் போதும். எல்லாரும் செய்கிறதுதான்."

அன்பானவர்களே, நான் உடனே மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் மறுக்கவில்லை, மௌனமாயிருந்தேன். மழைக்காலத்தில் ஓய்வுநாள் பள்ளியின் கூரை ஒழுகுவதை நீங்கள் அறிவீர்கள். அதை மாற்றும் செலவில் பாதியைத் தருவதாக இதே தம்பி வாக்களித்திருந்தார். அவர் அன்று அதைக் குறித்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அவர் அப்படிப்பட்டவருமல்ல. ஆனால் என் மனம் அதை நினைத்தது. "ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன், தம்பி" என்று அனுப்பிவைத்தேன். பதில் தெரிந்திருந்தும் ஜெபத்தைச் சாக்காகச் சொன்னேன். அதற்காக அன்றிரவே ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த இரவில் உறக்கம் வராததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்கு முன், இறையியல் கல்லூரிப் படிப்பை முடித்து ஒரு கிராமச் சபைக்கு நான் அனுப்பப்பட்ட காலம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் பழைய டிவிஎஸ் 50 ஒன்றை வாங்கினேன். பெயர் மாற்றுவதற்கான தாள்களில் அவர் அன்றைக்கே கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டார். அவற்றை என் வேதாகம உறைக்குள் வைத்தேன். "அடுத்த வாரம் போய் மாற்றிவிடலாம்" என்று மூன்று ஆண்டுகள் கடத்தினேன். பிறகு ஒரு நாள் அந்த வண்டி களவு போயிற்று. களவாடியவர்கள் அதில் கள்ளச்சாராயம் கடத்தினார்கள். காவலர்கள் பதிவேட்டைப் பார்த்து நள்ளிரவில் தலைமையாசிரியரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஊரே மதித்த அந்தப் பெரியவர் விடியும்வரை காவல் நிலையத்தின் விசுப்பலகையில் உட்கார்ந்திருந்தார். செய்தி கேட்டு நான் ஓடியபோது அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஐயா, அந்தத் தாள்கள் இன்னும் உங்களிடம் இருக்கின்றனவா?" என்று மட்டும் கேட்டார். இருந்தன. வேதாகமத்திற்குள் பத்திரமாக இருந்தன.

நான் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, சோம்பலாயிருந்தேன், அவ்வளவே. ஆனால் என் சோம்பலின் கூலியை வேறொருவர் செலுத்தினார். பொய்யான முகவரியும் அப்படித்தான். அதன் சுமை முகவரியைக் கொடுத்தவரின் வாசலில் போய் இறங்கும். புதுச்சேரியில் போலி முகவரிகளில் சொகுசுக் கார்களைப் பதிவுசெய்ததாகக் கேரளத்தில் 2017ஆம் ஆண்டு பிரபலமானவர்கள் சிலர்மீது விசாரணை நடந்ததை நாளிதழ்களில் வாசித்திருப்பீர்கள். எல்லாரும் செய்வதால் ஒரு காரியம் மெய்யாகிவிடுவதில்லை.

காலையில் எரேமியாவின் புத்தகம் 32ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். வேதாகமத்தில் ஒரு கிரயம் இவ்வளவு நுணுக்கமாக விவரிக்கப்பட்ட இடங்கள் மிகச் சில. பாபிலோனியரின் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. தீர்க்கதரிசியோ அரண்மனைக் காவல் முற்றத்தில் கைதி. அந்த நிலையில் ஆனதோத்தில் உள்ள உறவினரின் நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்; முத்திரை போடுகிறார்; சாட்சிகளை வைக்கிறார்; வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கும்படி பாருக்கிடம் ஒப்புவிக்கிறார். நகரம் விழப்போகிறது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் ஒருவருமில்லை. அந்த நிலத்தில் அவர் கால் வைப்பதற்கும் வழியில்லை. ஆயினும் ஒரு தாளும் விடுபடவில்லை. தேவன் தம் ஜனத்தைத் திரும்பவும் அந்த மண்ணில் குடியேற்றுவார் என்ற விசுவாசத்தை அவர் ஒரு பிரசங்கத்தினால் மட்டுமல்ல, ஒழுங்கான ஒரு பத்திரத்தினாலும் அறிக்கையிட்டார்.

திறந்த பத்திரம் எதற்கு? யார் வேண்டுமானாலும் எடுத்து வாசித்துப் பார்ப்பதற்கு. தம்பியின் காருக்குக் கூரை திறந்திருந்தது; பத்திரத்தையோ மூடி வைக்கவேண்டியிருந்தது.

இப்படி எழுதுவதால், அழகிய வாகனம் வைத்திருப்பதே பாவம் என்று நான் சொல்வதாக எண்ணவேண்டாம். அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி தன் இரதத்தில் அமர்ந்து ஏசாயாவின் ஆகமத்தை வாசித்துக்கொண்டு போகிறார். இரதத்தை விற்றுவிட்டு வா என்று பிலிப்பு அவரிடம் சொல்லவில்லை. அவர் அழைத்தபோது ஏறி அருகில் உட்கார்ந்து இயேசுவை அறிவித்தார். அதே வேதாகமம் மறுபக்கத்தையும் காட்டுகிறது. எகிப்திலிருந்து ஒரு இரதம் 600 வெள்ளிக்காசுக்கும் ஒரு குதிரை 150 வெள்ளிக்காசுக்கும் வந்து இறங்கியதை 1 இராஜாக்கள் 10:29 விலையோடு குறித்து வைக்கிறது. இரண்டே அதிகாரங்களுக்குப் பின், சாலொமோன் வைத்த நுகத்தைத் தாங்க முடியவில்லை என்று ஜனங்கள் அவன் குமாரனிடத்தில் முறையிடுகிறார்கள்.

செஞ்சியில் வாழும் நமக்கு இதைப் புரிந்துகொள்ள வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் கோட்டையே கைமாறிக் கைமாறி வந்த சொத்துத்தானே! நாயக்கர்களிடமிருந்து 1649இல் பீஜப்பூர் சுல்தானுக்கும், 1677இல் சிவாஜிக்கும், நீண்ட முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயருக்கும் போயிற்று. பிறகு புந்தேல ராஜபுத்திரரான சொரூப்சிங்கின் பொறுப்பில் இருந்தது. அவர் இறந்தபோது அவருடைய குமாரன் தேஜ்சிங் வந்து கோட்டையை ஏற்றார். அவரைத்தான் நாம் தேசிங்குராஜன் என்கிறோம். கோட்டையோடு தகப்பன் செலுத்தாமல் விட்டிருந்த கப்பப் பாக்கியும் வந்தது. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் அதைக் கேட்டுப் படையெடுத்தார். 1714 அக்டோபரில் அந்த இளைஞர் போர்க்களத்தில் மடிந்தார். அவர் வீரத்தை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கதைப்பாடலில் வருகிற குதிரையின் பெயர் பாராசாரி என்று உடனே சொல்வார்கள். பாக்கியைக் குறித்துச் சொல்பவர் அரிது. கைமாறி வருகிற எந்தப் பொருளுக்கும் பின்னால், கண்ணுக்குத் தெரியாத ஒரு கணக்கும் நடந்து வருகிறது.

மறுநாள் ஆராதனை முடிந்தபின் தம்பியைத் தனியே அழைத்து, என் டிவிஎஸ் 50இன் கதையைச் சொன்னேன். "புதுச்சேரிப் போதகரிடம் நான் கேட்கமாட்டேன், தம்பி. நேற்றே சொல்லியிருக்கவேண்டும், சொல்லாதது என் பிழை" என்றேன். அவர் முகம் வாடியது. "சரி, ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த இரண்டு ஞாயிறுகளிலும் அவர் ஆராதனைக்கு வரவில்லை. அந்த இரண்டு வாரங்கள் எனக்கு எப்படிப் போயின என்பதை என் வீட்டார் அறிவார்கள்.

மூன்றாவது வாரம் தொலைபேசியில் அழைத்தார். லூக்கா 14இல் கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதைப் போலத் தானும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தாராம். வரியைச் செலுத்தினால் எவ்வளவு, காப்பீடு எவ்வளவு என்று எழுதினார். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் காரைக் காட்டினார். மடங்கும் கூரையின் ஓரத்தில் மழைநீர் வடிகிற சிறு குழாய்களில் இலைதழைகள் அடைத்திருந்தன. தண்ணீர் உள்ளே இறங்கித் தரைவிரிப்பின் அடியில் தேங்கியிருந்தது. மின்கருவிகளுக்கு அது மெல்லக் கொல்லும் நஞ்சு. எல்லாவற்றிற்கும் மேலாக, பதிவுச் சான்றிதழில் ஒரு வங்கியின் பெயர் இருந்தது. பழைய உரிமையாளர் கடனை இன்னும் அடைக்கவில்லை. தரகர் முன்பணத்தில் பாதியைத்தான் திருப்பிக் கொடுத்தாராம்.

நீங்களும் பழைய வாகனம் வாங்கக்கூடும். அது 25 லட்சம் ரூபாய்க் காராக இருக்கவேண்டியதில்லை, 25 ஆயிரம் ரூபாய் ஸ்கூட்டராகவும் இருக்கலாம். அதன்மேல் கடன் நிற்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றை எழுத்தில் கேளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய எத்தனையோ சொகுசுக் கார்கள் ஏலத்தில் குறைந்த விலைக்குப் போயின. வண்ணம் பூசிய கல்லறைகளைக் குறித்து ஆண்டவர் சொன்னது கார்களுக்கும் பொருந்தும். ஆகவே விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையொப்பம் வாங்கி, வாங்கியவர் என்ற முறையில் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்திற்குக் கொடுத்துவிடுங்கள். வேதாகமத்திற்குள் வைக்காதீர்கள்.

தம்பி இன்னும் கார் வாங்கவில்லை. ஒரு நாள் வாங்குவார் என்றே நினைக்கிறேன். தம் சொந்த முகவரியில், முழு வரியையும் செலுத்தி அவர் வாங்கி வரும் நாளில் நான் மனமகிழ்ச்சியோடு ஏறி உட்கார்ந்து ஜெபிப்பேன். கூரையைத் திறந்தே வைக்கும்படி கேட்டுக்கொள்வேன். ஓய்வுநாள் பள்ளியின் கூரையைக் குறித்து அவரும் இதுவரை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அது ஆண்டவருடைய கையில் இருக்கிறது. ஒழுகுகிற இடங்களில் இப்போதைக்கு வாளிகள் இருக்கின்றன.

அன்பானவர்களே, உங்கள் பீரோவில், உங்கள் கைப்பைக்குள், என்னைப் போல உங்கள் வேதாகம உறைக்குள், முடிக்கப்படாமல் கிடக்கிற தாள் ஏதேனும் உண்டா? தம்பியின் பெயருக்கு எழுதிக் கொடுக்காத பாகப்பத்திரமா? வேறொருவரின் முகவரியில் பெற்ற சலுகையா? அதன் சுமையை இன்று யார் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்? இந்த வாரத்தில் ஒரு நாளை அதற்கென்று பிரித்து வையுங்கள். அந்தத் தலைமையாசிரியர் இன்று நம்மோடு இல்லை. அவருடைய கேள்விக்கு நான் ஒவ்வொரு நாளும் பதில் சொல்லவேண்டியவனாயிருக்கிறேன்.

ஜெபிப்போம்: எங்கள் பரலோகப் பிதாவே, மகிழ்ச்சிக்காக நீர் தருகிற நன்மைகளுக்காக உமக்கு நன்றி. அவற்றை வெளிச்சத்தில் வாங்கவும் வெளிச்சத்தில் வைத்திருக்கவும் எங்களுக்குக் கிருபை தாரும். எங்கள் அசதியினால் பிறர் சுமந்த பாரங்களை எங்களுக்கு மன்னித்து, சரிசெய்யக்கூடியவற்றை இந்த வாரத்திலேயே சரிசெய்யப் பெலன் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்,
செஞ்சி