உப்பு சுமந்த தோள்களின் ஊர்



கறியில் உப்புச் சரியா என்று ஒரு துளியை உள்ளங்கையில் விட்டுப் பார்க்கிறோமே, அந்த உப்பு நமக்குக் கடலிலிருந்து வருகிறது. புத்தளத்திலோ அம்பாந்தோட்டையிலோ உப்பளங்களைக் கண்டிருப்பீர்கள். கடலே இல்லாத ஆஸ்திரியா நாட்டில், மலையின் வயிற்றிலிருந்து உப்பெடுத்து வாழ்ந்த ஒரு சிறு கிராமத்துக்கு இப்போது உங்களை அழைத்துச் செல்கிறேன். அதன் பெயர் ஹால்ஸ்டாட். சனத்தொகை 800க்கும் குறைவுதான்.

கடல் மட்டத்திலிருந்து 508 மீற்றர் உயரத்தில், சுமார் 6 கிலோ மீற்றர் நீளமான ஒரு வாவி. அதன் ஆழம் 125 மீற்றர். மேற்குக் கரையில் மலை செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. மலைக்கும் வாவிக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய நிலத்தில், படிக்கட்டு அடுக்கியதுபோல் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன.

இந்த மலையில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் உப்பைத் தேடியிருக்கிறார்கள். 1846இல் ராம்சவர் என்ற சுரங்க அதிகாரி இங்கே பழங்கால மயானம் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஐரோப்பாவில் கி.மு. 800 முதல் 450 வரையான இரும்புக் காலத்துக்கு இந்த ஊரின் பெயரையே ஆய்வாளர்கள் சூட்டியுள்ளார்கள்.

அந்த எலும்புகள் ஒரு செய்தி சொல்கின்றன. ஆண்கள் சுரங்கத்தில் உப்பை வெட்டினார்கள். பெண்கள் ஒரு தோளில் பாரம் சுமந்தார்கள். அந்த உழைப்பின் தடம் எலும்பிலே பதிந்திருக்கிறது. சிறுவர்களும் வேலை செய்தார்கள். சுரங்கத்தினுள் சிறு பிள்ளையின் தோல் சப்பாத்தும் கிடைத்திருக்கிறது. அவர்கள் தினையும் பார்லியும் அவரையும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சி உண்டதையும் உப்பே கெடாமல் காத்துத் தந்துள்ளது.

பிற்காலத்தில் உப்புநீரைக் காய்ச்ச விறகு போதவில்லை. 1595 முதல் 1607 வரை பாடுபட்டு, சுமார் 13,000 மரங்களைக் குடைந்து குழாய்களாக்கி, 40 கிலோ மீற்றர் தூரத்திலுள்ள எபன்சே ஊருக்கு உப்புநீரைக் கொண்டுபோனார்கள். உப்பு இவ்வளவு இலகுவாக வெளியே போனது. மனிதர் வந்துபோகத்தான் வழியில்லை. படகும் ஒற்றையடி மலைப்பாதையுமே கதி. 1877இல் புகையிரதம் வந்தது, அதுவும் எதிர்க்கரையில்! மேற்குக் கரையோரம் பாறையைத் தகர்த்துப் பாதை போட்டது 1890இல். ஊருக்குள் வாகனங்கள் நெரியாமல் மலையூடாகச் சுரங்கப்பாதை திறந்தது 1966இல்.

இன்றும் வியன்னாவிலிருந்து புகையிரதத்தில் போனால் அட்நாங்–புக்ஹைமில் வண்டி மாற வேண்டும். சால்ஸ்பேர்க்கிலிருந்தென்றால் பாட் இஷ்ல் வரை பஸ், பிறகு புகையிரதம். இறங்கியதும் ஊர் கண்ணெதிரே, ஆனால் வாவிக்கு அப்பால். புகையிரத நேரத்துக்கு ஏற்ப ஒரு படகு வரும்; 10 நிமிடத்தில் அக்கரை. இரவில் பிந்தி வந்தால் படகு கிடையாது, கவனம்!

இவ்வளவு ஒதுங்கியிருந்த ஊருக்கு வந்த சோதனையைக் கேளுங்கள். 1997இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 2012இல் சீனாவில் இதைப்போலவே ஒரு போலி ஊரையும் கட்டினார்கள். ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான உல்லாசப் பிரயாணிகள் இப்போது வருகிறார்கள். 2023 மே மாதம், படமெடுக்க நெரியும் கூட்டத்தைத் தடுக்கப் பலகை வேலியே அடித்தார்கள். கண்டனம் எழவே அகற்றிவிட்டார்கள். அந்த ஓகஸ்டில் ஊரவர்களே பாதையை மறித்துப் போராடினார்கள். வருவோர் தொகைக்கு வரம்பு வேண்டும், மாலை 5 மணிக்குப் பின் சுற்றுலா பஸ்கள் வரக்கூடாது என்பதே அவர்கள் கேட்டது.

சகோதரிகளே, நாம் பார்த்து வியக்கும் அந்த யன்னலுக்குப் பின்னால் ஒரு தாய் பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பாள். அயல்வீட்டுக்குப் போனாலே ஸலாம் சொல்லி, அனுமதி கேட்டு நுழைகிறவர்கள் நாம். ஒருநாள் அங்கே போகக் கிடைத்தாலும், இங்கே நம் நாட்டில் ஒரு குளத்தோரக் கிராமத்துக்குச் சுற்றுலா போனாலும், அந்த ஒழுக்கத்தையும் பயணப் பையோடு எடுத்துச் செல்லுங்கள்.