எடைக்கு முன் கேட்க வேண்டியது

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் மறுபரிசோதனைக்கு வந்தால் எல்லாரும் முதலில் பார்ப்பது எடையைத்தான். உணவியல் ஆலோசகரின் வேலையும் அங்கேதான் தொடங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் மூன்று மாதங்களில் எடையைவிட முக்கியமான கேள்வி, சாப்பிட்டது வயிற்றில் தங்குகிறதா, வாந்தியாகிறதா என்பதுதான். தையமின் என்னும் பி1 உயிர்ச்சத்தை உடல் ஏறக்குறைய 30 மில்லிகிராம் அளவுக்கே சேர்த்து வைத்திருக்கும். வரவு நின்றால் இரண்டு மூன்று வாரங்களில் கையிருப்பு கரைந்துவிடும். பிறகு பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். மருத்துவர்கள் வெர்னிக்கே நோய் என்பது இதைத்தான். எடை மளமளவென்று இறங்குகிறதே என்று வீட்டார் மகிழும் அதே வாரங்களில் இது நேரலாம்.

சிங்கப்பூர், மலேசியா அடங்கிய இந்த வட்டாரத்துக்கு இது புதிதல்ல. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் தையமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பலரைக் கொன்றது. தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை அது வாட்டியது, புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களைப் பெரும்பாலும் விட்டுவைத்தது. இதைக் கவனித்து எழுதியவர் நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன். அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாக அவர் நினைத்தது தவறு, ஆனால் கவனித்தது சரி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தையமின் அரிசிக்குள் இறங்குகிறது. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்த பிறகு போர்க்கைதிகளுக்குக் கிடைத்ததும் தீட்டிய அரிசிதான், அதோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. கைதிகளாக இருந்த டி வார்டனர், லெனாக்ஸ் என்ற இரு மருத்துவர்கள் அங்கு கண்ட 52 வெர்னிக்கே நோயாளிகளைப் பற்றி 1947இல் லான்செட் இதழில் எழுதினார்கள். முகாமில் ரேஷன் செய்ததை இன்று சுருக்கப்பட்ட இரைப்பையும் ஓயாத வாந்தியும் செய்கின்றன. நாலு வாய் வெள்ளைக் கஞ்சியில் நாளை ஓட்டுபவரின் தட்டில் தையமின் ஏறக்குறைய இல்லை. அதற்காகப் புழுங்கலரிசிக் கஞ்சிக்கு மாறினால் போதும் என்று சொல்லவும் முடியாது. அந்த நாலு வாயில் எந்த அரிசியாலும் தேவை நிறையாது.

‘சத்து மாத்திரைதான் கொடுக்கிறார்களே’ என்பார்கள். மாத்திரையும் வாந்தியோடு வெளியே வந்துவிடும். விழுங்கச் சிரமம் என்று மெல்லும் கம்மி வகைக்கு மாறுகிறார்கள், அவற்றில் பலவற்றில் தையமினே கிடையாது. சைவர்களும் முஸ்லிம்களும் ஜெலட்டின் உறைக்காகக் கேப்ஸ்யூலை ஒதுக்கிவிட்டு, அதைச் சொல்லாமலும் இருப்பார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருப்பதிலும் எனக்குச் சம்மதமில்லை. முடிவு வரச் சில நாளாகலாம், மூளை அதுவரை பொறுக்காது. ஊசிவழித் தையமினால் கெடுதல் மிக அரிது. அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால்தான் நிலைமை மோசமாகக்கூடும். இப்படியெல்லாம் பேசினால் நீரிழிவோடு போராடுபவர்கள் பயந்து அறுவையையே தவிர்ப்பார்கள் என்ற மறுப்பு மட்டும் நியாயமானது. அவர்களில் பலருக்கு அந்த அறுவை பெரும் நன்மை செய்கிறது. ஆனால் 2004இல் வெளியான மேயோ கிளினிக் ஆய்வைப் பாருங்கள். எடைக் குறைப்பு அறுவை செய்த 435 பேரில் 71 பேருக்குப் புற நரம்புகள் பாதிக்கப்பட்டன. பித்தப்பை அறுவை செய்த 123 பேரில் அப்படி ஆனவர்கள் 4 பேர். பாதிப்போடு தொடர்புடையவையாக அந்த ஆய்வு கண்டவற்றில் மிக வேகமான எடை இழப்பு ஒன்று, நீடித்த வயிற்றுக் கோளாறு இன்னொன்று, உணவு ஆலோசனைக்கு வராமல் போனது மற்றொன்று. இவை மூன்றுமே கண்காணித்தால் கண்ணில் படுபவை. பயப்படுத்துவதாக இருந்தால் அறுவையைக் காட்டிப் பயப்படுத்த வேண்டாம், அதன்பின் வராமல் இருப்பதைக் காட்டலாம்.

மாதங்கள், ஆண்டுகள் கழித்து வரும் சிக்கல்கள் வேறு. கால் மரத்து, இருட்டில் நடை தடுமாறினால் பி12 குறைவா, தாமிரக் குறைவா என்று பார்க்க வேண்டும். பி12 கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் இருப்பதால் குறைவு தாமதமாகத்தான் தெரியும். அறுவைக்கு முன்பே சைவம் மட்டும் உண்டு, நீரிழிவுக்கு மெட்ஃபார்மினும் விழுங்கி வந்தவருக்கு அந்த இருப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. இதே அறிகுறிகள் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்ற நரம்பு நோயின் பெயரைப் பெறுவதும் உண்டு. அறுவைக்குப் பின் அந்த நோய் வந்ததாகச் சில பதிவுகள் இருக்கின்றன, ஆனால் அறுவைதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. பதின்வயதுப் பருமனே அந்நோயின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதால், அறுவைக்கு முன்பே விதை விழுந்திருக்கலாம். ஆசியர்களிடம் அந்நோய் குறைவு. ஆகவே பெயர் சூட்டுவதற்கு முன் பி12, தாமிர அளவுகளைப் பார்ப்பதே முறை. எம்ஆர்ஐ படமும் உதவும். சத்துக்குறைவில் தண்டுவடத்தின் பின்பக்கம் நீளமாகக் கோடிட்டது போலத் தெரியும், மல்டிபிள் ஸ்கிலிரோசிஸில் சிறு திட்டுகள் மூளையிலும் தண்டுவடத்திலும் சிதறிக் கிடக்கும். எதிர்த்திசையிலும் தவறக்கூடாது. ஒரு கண் வலித்துப் பார்வை மங்கினால் அதைச் சத்துக்குறை என்று நானே முடிவு கட்டாமல், உடனே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இன்னொன்று. அறுவைக்குப் பின் முடி கொட்டும், பலர் தாங்களாகவே துத்தநாக மாத்திரை வாங்குவார்கள். அதிகத் துத்தநாகம் தாமிரத்தைக் குடலிலேயே தடுத்துவிடும். நரம்பு தளர்ந்து வருபவரிடம் முடிக்காக என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காவிட்டால் காரணம் பிடிபடாது. வீட்டில் இருக்கும் புட்டிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்வது அதனால்தான்.