'ஏன் சார்?' என்று கேட்போம்

"படிச்சாச்சா?" என்று நாம் கேட்டால் மனப்பாடம் ஆயிடுச்சா என்று அர்த்தம். ஆசிரியர் கேட்டால் 'புரிந்ததா' என்று அர்த்தம். சுவீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தின் மார்ட்டன், செல்யோ இருவரும் 1976-இல் இதைப் பற்றி எழுதினார்கள். ஒரே கட்டுரையைப் படித்த மாணவர்களில் சிலர் வரிகளைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் கருத்தைத் தேடினார்கள்.

நம்ம ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரையே பாருங்கள். ஸ்டாரில் லைன் கரண்ட் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதினால் மார்க் உண்டு. ஏன்? சுருளுக்குக் கிடைக்கும் வோல்டேஜ் 415-லிருந்து 240 ஆகிறது. அதனால் சுருளின் கரண்டும் 1.73 மடங்கு குறைகிறது. டெல்டாவில் லைன் கரண்ட் சுருள் கரண்டைப் போல 1.73 மடங்கு, ஸ்டாரில் இரண்டும் ஒன்றே. இரண்டும் சேர்ந்துதான் மூன்றில் ஒன்று. கூடவே டார்க்கும் மூன்றில் ஒன்றாகிவிடும். இது தெரியாமல் முழு லோடோடு ஸ்டார்ட் செய்தால் மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும். அங்கே மார்க் உதவாது.

என் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். சந்தேகம் கேட்க அங்கே யாருமில்லை. நம்மில் பலர் அப்படித்தான். ஆகவே வகுப்பில் 'ஏன் சார்?' என்பது திமிர் அல்ல, தேவை. ஆசிரியப் பெருமக்களே, கேள்வித்தாளிலும் ஒரு 'ஏன்' வையுங்கள். நாங்களும் அப்படியே படிப்போம்!