நடந்தே போன மாநிலம்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருநாள் வீட்டுப்பாடமாக இரண்டு கேள்விகள் கொடுத்தேன். வேறு மாநிலத்துக்குப் போயிருக்கிறாயா? போயிருந்தால் எதில் போனாய்? திருப்பதி, சபரிமலை என்று எழுதிக்கொண்டு வருவார்கள், ரயில், பஸ், வேன் என்று பலகையில் பட்டியல் போட்டுவிட்டு போக்குவரத்துப் பாடத்துக்குள் நுழைந்துவிடலாம் என்பது என் கணக்கு. மறுநாள் நோட்டுகளைத் திருத்தும்போது ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள்: "போயிருக்கிறேன். நடந்து போனேன்." சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 'கேள்வியைச் சரியாகப் படி' என்று எழுதினேன்.

நோட்டை வாங்கிக்கொண்டு இடத்துக்குப் போனவள் திரும்பி வந்தாள். அழவில்லை. கோபமும் இல்லை. சந்தேகம் கேட்கிற முகம்.

"சார், எங்க ஆயா ஊரு தமிழ்நாடுதான சார்? வரப்பு மேலயே நடந்து போயிடுவோம் சார்."

பாகூர் கொம்யூனில், வயலுக்கு நடுவே இருக்கிற தொடக்கப் பள்ளி எங்களுடையது. நான் தினமும் புதுச்சேரி நகரத்திலிருந்து பைக்கில் வருகிறவன். கடலூர் சாலையில் தவளக்குப்பம் தாண்டி ரெட்டிச்சாவடி பக்கம் வரும்போது தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கிருமாம்பாக்கத்துக்குள் வரும்போது மறுபடியும் புதுச்சேரிக்குள் வந்துவிடுவேன். பள்ளிக்கூடத்து மணி அடிப்பதற்குள் நானே ஒரு மாநிலத்துக்குள் போய் வெளியே வந்திருக்கிறேன். வருஷக்கணக்காக அந்தச் சாலையில் வந்தும் என் கேள்விக்கு அந்தப் பதில் எனக்குத் தோன்றவில்லை. எட்டு வயசுப் பிள்ளைக்குத் தோன்றியது, ஏனென்றால் அது அவள் ஆயா வீட்டு வழி.

சின்னப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் சொல்லிக்கொடுக்க உலகம் முழுக்க ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். முதலில் நான், என் குடும்பம். பிறகு என் தெரு, என் ஊர், மாவட்டம், மாநிலம், நாடு, உலகம். குளத்தில் கல்லைப் போட்டால் வட்டம் வட்டமாக விரிகிற மாதிரி. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கப் பள்ளிகளில் வேரூன்றிய முறை இது. நம் பக்கத்துப் பாடநூல்களும் ஏறக்குறைய இதே தடத்தில்தான் போகின்றன. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு வட்டமும் அடுத்த வட்டத்துக்குள் ஓட்டையில்லாமல் அடங்கும் என்று அது நம்புகிறது. எங்கள் ஊரில் அடங்குவதில்லை. இங்கே தெருவுக்கு அடுத்தது வயல், வயலுக்கு அடுத்தது வேறு மாநிலம், அதைத் தாண்டினால் மறுபடியும் நம் கொம்யூன். நம் ஆட்சிக்கு உட்பட்ட ஏனாம் ஆந்திரத்தில் காக்கிநாடா பக்கம் இருக்கிறது. மாஹே கேரளக் கடற்கரையில். காரைக்கால் போக கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று தமிழ்நாட்டையே கடந்து போக வேண்டும். அவை எல்லாம் 'நம்முடையது'. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆயா வீடு மட்டும் 'அண்டை மாநிலம்'.

புத்தகமும் எங்களுக்கு எப்போதும் இரவல்தான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது தமிழ்நாட்டுப் பாடநூல். அதில் 'நம் மாநிலம்' என்றால் தமிழ்நாடு. பிள்ளைகள் சத்தமாகப் படிப்பார்கள், நான் நடுவில் நிறுத்தி "நமக்கு இது இல்ல, நாம யூனியன் பிரதேசம்" என்பேன். பிறகு சி.பி.எஸ்.இ. வந்தது, டெல்லியில் எழுதிய என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் வந்தது. அதில் ராஜஸ்தானத்துக் கிணறு உண்டு, காஷ்மீரத்து வீடு உண்டு, கொம்யூன் என்கிற சொல் கிடையாது.

அன்றைக்குப் போக்குவரத்துப் பாடத்தை மூடிவைத்துவிட்டு வகுப்பைக் கேட்டேன். "தமிழ்நாட்டுக்குள்ள போயிட்டோம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கைகள் வரிசையாக எழும்பின. போலீஸ் தொப்பியை வைத்துச் சொல்லலாம், நம்ம போலீஸுக்குச் சிவப்புத் தொப்பி. வண்டி நம்பரை வைத்துச் சொல்லலாம், நம்முளுது பி.ஒய்., அவங்களுது டி.என். பெட்ரோல் பங்க் வரிசையாக வந்தால் பார்டர் வருகிறது என்று அர்த்தம், நம்ம பக்கம் விலை கம்மி. ஆயா ஊரில் ரேஷன் கடையில் அரிசி போடுகிறார்கள், நமக்கு அம்மா பேங்க் கணக்கில் பணம் வருகிறது. அப்போது இங்கே அப்படித்தான் இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், "சார், ஒயின்ஷாப் எல்லாம் நம்ம பக்கம் முடியுது சார், எங்க மாமா அங்கருந்து இங்க வந்து விழுந்து கெடப்பாரு" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. வரி, காவல், பொதுவிநியோகம், மதுக்கொள்கை என்று மேல்வகுப்பில் தலைப்புப் போட்டு நடத்துகிற எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தன. நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் இல்லை.

"ஏன் சார் நம்ம ஊரு இப்படித் துண்டு துண்டா இருக்கு?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு மட்டும் என்னிடம் சொல்ல ஏதோ இருந்தது. 1749 வாக்கில் ஆற்காட்டு நவாப் பதவிச் சண்டையில் சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணை நின்றார்கள். அந்த உறவில் வில்லியனூரும் பாகூரும் அவர்கள் கைக்கு வந்தன. 1752இல் பாகூரிலேயே பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் சண்டை போட்டார்கள். கைமாறிக் கைமாறி, 1783இல் வெர்சாய் நகரத்தில் இரண்டு ராஜாக்களின் ஆட்கள் உட்கார்ந்து எழுதிய உடன்படிக்கையில், புதுச்சேரியைச் சுற்றிச் சேர்க்க வேண்டிய இடங்களாக வில்லியனூர், பாகூர் என்ற இரண்டு பெயர்களையும் எழுதினார்கள். கிடைத்த கிராமம் இவர்களுக்கு, கிடைக்காதது அவர்களுக்கு.

இதை எட்டு வயசுக்கு எப்படி இறக்குவது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் முந்திக்கொண்டான். "எங்க தாத்தா நெலமும் அப்படித்தான் சார். ஏரிக்குப் பின்னால ஒண்ணு, கோயிலாண்ட ஒண்ணு. நடுவுல சித்தப்பா நெலம். பாகம் பிரிச்சப்ப அப்படி வந்துச்சாம்." நான் தேடிக்கொண்டிருந்த உவமை அவன் வீட்டுப் பத்திரத்தில் இருந்தது. "சித்தப்பா நெலம் வழியா தண்ணி வருமா?" என்று கேட்டேன். "வரும் சார். சண்டை போட்டாத்தான் வராது."

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு மறுவாரம் பாகூர் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனேன். பங்காரு வாய்க்காலில் வருகிற தண்ணீர் தென்பெண்ணையில் இருந்து வருகிறது, திருப்பிவிடுகிற சொர்ணாவூர் அணைக்கட்டு தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு தாசி சகோதரிகள் வெட்டிய வாய்க்கால் என்று ஊரில் கதை உண்டு. அதை நான் சொல்லவில்லை, பிள்ளைகள்தான் எனக்குச் சொன்னார்கள், ஆளுக்கொரு விதமாக.

அக்டோபரில் கீழூர் பாடம். வில்லியனூர் கொம்யூனில் இருக்கிற சின்னக் கிராமம். 1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சு இந்தியாவின் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் கொம்யூன்களின் கவுன்சிலர்களும் அங்கே கூடி, இந்தியாவோடு சேருவதா வேண்டாமா என்று ஓட்டுப் போட்டார்கள். 178 பேர். சேரலாம் என்று 170, வேண்டாம் என்று 8. நவம்பர் 1 நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16. அதனால்தான் எங்கள் பிள்ளைகள் "நமக்கு எத்தன சுதந்திர தினம் சார்?" என்று வருஷா வருஷம் கேட்கிறார்கள்.

எண்ணைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒட்டாது. புளியங்கொட்டை கொண்டுவரச் சொன்னேன். தரையில் கொட்டி 178 எண்ணினோம். பத்துப் பத்தாகக் குவித்தார்கள். 17 குவியல், மிச்சம் 8. குவியல்களை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, தனியாகக் கிடந்த எட்டுக் கொட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் (நடந்து போன அதே பெண்தான்) கேட்டாள்: "இந்த எட்டுப் பேர அடிச்சாங்களா சார்?"

புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை. தேசபக்தியாக ஏதாவது சொல்லி நகர்ந்திருக்கலாம். வாயில் வந்ததைச் சொன்னேன். "அவங்க ஓட்டையும் எண்ணுனாங்க. எண்ணுனதாலதான் எட்டுன்னு நமக்குத் தெரியுது." அவள் தலையாட்டினாள். கொட்டைகளைத் திரும்பப் பையில் போடும்போது அந்த எட்டையும் விடாமல் பொறுக்கினாள்.

அடுத்த கேள்விதான் என்னை மாட்டிவிட்டது. "அந்த மாதிரி கவுன்சிலர் இப்ப நம்ம ஊருக்கு யாரு சார்?" யாரும் இல்லை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது, அதற்கப்புறம் 38 வருஷம் கழித்து 2006இல் நடந்தது, அவர்கள் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. பிறகு நடக்கவில்லை. கொம்யூன் பஞ்சாயத்தை ஆணையர்தான் பார்த்துக்கொள்கிறார். 'உங்கள் ஊராட்சித் தலைவர் பெயரை எழுதுக' என்ற கேள்வி வரும்போதெல்லாம் "அத விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க" என்று சொல்லியே பழகியிருந்தேன். இந்தத் தடவை அந்த இடத்தில் '2011 முதல் இல்லை' என்று எழுதச் சொன்னேன். சின்ன விஷயம்தான். எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்கியது, அரசு ஊழியன் இல்லையா.

ஆனால் நான் நிஜமாகவே பயந்தது கடைசிப் பாடத்தில். ஊர்ப்படம் வரைவது. நியூயார்க்கில் லூசி ஸ்ப்ராக் மிட்செல் என்ற அம்மையார் 1934இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். பிள்ளைகளுக்கு வரைபடத்தைப் படிக்கச் சொல்லுமுன் தெருவில் இறக்கி நடக்கவிட்டு அவர்களையே வரையச் சொல்லுங்கள் என்பது அவர் கட்சி. எனக்கும் அது சரியாகப் பட்டது. பெரிய சார்ட்டைக் கிழித்துக் கொடுத்து, "நீங்க நடக்கற எடமெல்லாம் போடுங்க" என்றேன்.

ஊருக்குள்ளிருந்து வரும் பிள்ளைகள் நாலு தெரு, பிள்ளையார் கோயில், குளம், பால் சொசைட்டி, பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம் என்று நிறையப் போட்டார்கள். சார்ட்டின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி, 'காலனிக்குப் போற வழி'. காலனிப் பிள்ளைகள் போட்ட படத்தில் தண்ணி டேங்க், அங்கன்வாடி, அம்பேத்கர் சிலை, மாரியம்மன் கோயில், ஒவ்வொரு வீட்டு வாசல் மரமும் இருந்தன. ஊர்த் தெருக்கள் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. இரண்டு படத்திலும் பொதுவாக இருந்தவை மூன்றே: பஸ் ஸ்டாப், ஒரு மளிகைக் கடை, எங்கள் பள்ளிக்கூடம்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு பிள்ளைதான், "ரெண்டையும் ஒட்டிட்டா முழுசா வந்துரும் சார்" என்றது. பசை தடவி ஒட்டினோம். வெளித் தாழ்வாரத்தில் மாட்டினேன்.

மூன்றாம் நாள் ஊர்ப்பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டார். "கொழந்தைங்களுக்கு இப்பவே இதெல்லாம் எதுக்கு வாத்தியாரே?" குழந்தைகள் வரைந்ததுதான், அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சாயங்காலம் படத்தைக் கழற்றி வகுப்புக்குள், கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டினேன். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. காலையில் வந்த பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனத்தை இன்னும் என்னால் சரியாகப் படிக்க முடியவில்லை.

பாகூரில் கிடைத்த ஒரு செப்பேடு உண்டு. பல்லவன் நிருபதுங்கன் காலத்தது, ஒன்பதாம் நூற்றாண்டு. இந்த ஊரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச்சாலைக்கு, மூன்று கிராமங்களின் வருவாய் தரப்பட்டதாகச் சொல்கிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே நம் ஊரில் காலேஜ் இருந்தது என்று பெருமையாகச் சொல்வேன். அந்த வருஷமும் சொன்னேன். ஒட்டிய படத்தின் கீழே உட்கார்ந்திருந்த காலனிப் பையன் கேட்டான், "நாங்களும் அதுல சேந்திருக்கலாமா சார்?"

"சேத்திருக்க மாட்டாங்க" என்றேன். அப்புறம், "என்னையும்தான்" என்று சேர்த்துக்கொண்டேன். வேதமும் சாஸ்திரமும் படித்த சாலை அது, நான் சொன்னது உண்மைதான். ஆனால் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கக் கூடாது என்று வீட்டுக்குப் போகும் வழியில் தோன்றியது. அவனுக்கும் எனக்கும் நடுவிலும் அந்த வெள்ளை இடம் இருக்கிறது.

2020 மார்ச்சில் எல்லைகளை அடைத்தார்கள். பெரிய சாலைகளில் தடுப்புக் கட்டை, போலீஸ், இ-பாஸ். வரப்பு வழியிலும் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். பள்ளி மூடியிருந்த அந்த மாதங்களில் அரிசி மூட்டை கொடுக்கப் போனபோது அந்தப் பெண்ணைப் பார்த்தேன். "ஆயா வீட்டுக்குப் போனியா?" என்று கேட்டேன். "போவல சார். வாய்க்கா அந்தப் பக்கம் ஆயா வந்து நின்னுச்சு, இந்தப் பக்கம் நாங்க நின்னோம். கத்திக் கத்திப் பேசுனோம்."

அந்த மூன்றாம் வகுப்பு நோட்டைத் திருப்பிக் கொடுக்குமுன் பெருக்கல் குறியை அடித்துவிட்டு 'சரி' போட்டிருந்தேன். இரண்டு மையும் தெரிந்தது. ஒவ்வொரு ஜூனிலும் புது மூன்றாம் வகுப்புக்கு இப்போது முதல் கேள்வி அதுதான்: "வேற மாநிலத்துக்கு நடந்தே போனவங்க யாரு?" பாதி வகுப்புக்கு மேல் கை தூக்குகிறது. இரண்டாவது கேள்வி, "நம்ம ஊர்லயே நீங்க நடக்காத தெரு எது?" அதை எல்லா வருஷமும் கேட்கிறேன் என்று சொல்ல மாட்டேன். கேட்ட வருஷங்களில் ஒருத்தரும் கை தூக்குவதில்லை. சார்ட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.