சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து சாந்தோம் வரை

எங்கள் ஊருக்குப் பெயரே கோவிலால் வந்தது. தாம்பரம் – செங்கல்பட்டு ரயிலில் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஸ்டேஷன்தான், சிங்கப்பெருமாள் கோவில். குன்றைக் குடைந்த சந்நிதியில் நரசிம்மர். அந்த ஊரில் மாதா படமும் ஜெபமாலையுமாக எங்கள் வீடு. எதிர்வீட்டு மாமி கார்த்திகைக்குப் பொரி உருண்டை கொடுத்தனுப்புவார்; கிறிஸ்துமஸுக்கு நான் கல்கல் கொடுத்தனுப்புவேன். இருபது வருஷப் பழக்கம்.

அந்த மாமியோடுதான் இந்தப் பயணம். பயணம் என்றதும் ஊட்டி, கொடைக்கானல் என்று நினைத்துவிடாதீர்கள். மின்சார ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், கையில் புளிச்சோற்றுப் பொட்டலம், அவ்வளவுதான்!

காரணத்தைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். 2021 மே மாதம் என் அம்மா கொரோனாவில் போய்விட்டார்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது, "குக்கரை இறக்கி வைடி, அடிப்பிடிக்கப் போகுது" என்று திரும்பிப் பார்த்துச் சொன்னார்கள். அதுதான் கடைசிப் பேச்சு. மூன்றாம் நாள் எனக்கும் காய்ச்சல், தனி அறை. ஒன்பதாம் நாள் தம்பி ஜன்னலுக்கு வெளியே நின்று, "அக்கா, அம்மா போயிட்டாங்க" என்றான். சுற்றிக் கட்டிய உடலை அவன்கூடத் தள்ளி நின்றுதான் பார்த்தானாம். முகம் பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்து அம்மாவின் சாமான்கள் ஒரு பிளாஸ்டிக் பையில் வந்தன. முடிச்சை அவிழ்க்காமலே பீரோவின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள் வந்தால் பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போவேன். எல்லோரும் அழுவார்கள், எனக்கு அழுகை வராது. உள்ளே இருப்பது அம்மாதானா என்று ஒரு கேள்வி. வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்களே! ராத்திரி ஜெபத்துக்கு உட்கார்ந்தால் வாய் சொல்லும், மனசு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். சாமியும் இல்லை, அம்மாவும் இல்லை என்பது போல ஒரு வெறுமை.

உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறன்று ஒவ்வொரு வருஷமும் பூசையில் தோமையார் கதையைத்தான் வாசிப்பார்கள். சந்தேகத் தோமா என்று சின்ன வயசில் கேலி செய்வோம். சென்ற வருஷம் கேட்டபோதுதான் ஒன்று உறைத்தது. சீடர்கள் பயந்துபோய் வீட்டைப் பூட்டிக்கொண்டு இருந்தபோது இயேசு வந்தார். எல்லோரும் பார்த்தார்கள். தோமையார் மட்டும் அன்று அங்கே இல்லை. காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று அவர் சொன்னது திமிரில் அல்ல. பார்க்கக் கிடைக்காதவன் வேறு என்ன சொல்வான்? நானும்தான் அன்று அங்கே இல்லை.

மறுநாளே கிளம்பினேன். "நானும் வரேம்மா, முட்டி விட்டா ஏறறேன்" என்று மாமியும் புறப்பட்டார்.

பரங்கிமலை ஸ்டேஷனில் இறங்கி, மலையடிவாரம் போய்ப் படியேறினோம். நூற்றுக்கு மேல் படிகள். காரில் போகவும் பாதை இருக்கிறது. கைக்குழந்தைக்காரர்கள் அதில் போவதே நல்லது. இந்தப் படிகளைக் கட்டித் தந்தவர் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு 1726-ல் பாலம் கட்டியவரும் அவரே. அவர் உடல் வேப்பேரியில். இருதயத்தை மட்டும் சொந்த ஊரான ஜுல்பாவுக்குக் கொண்டுபோனார்களாம். "அப்போ அவர் எங்கே இருக்கார்னு சொல்றது?" என்று மாமி மூச்சு வாங்கியபடி கேட்டார். எனக்கு எங்கே பதில் தெரியும்!

உச்சியில் சிறிய ஆலயம். பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் மாதா பெயரில் 1523-ல் போர்த்துக்கீசியர் கட்டியது. பீடத்தில் ஒரு கற்சிலுவை, சுற்றிலும் பழைய பாரசீக எழுத்து. 1547-ல் மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது. தோமையாரை ஈட்டியால் குத்தியது இந்த மலையில்தான் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. வெளியே வந்தால் கீழே மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குவது பொம்மை போலத் தெரிகிறது. மாமிக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

மர நிழலில் புளிச்சோற்றை முடித்துக்கொண்டு, ஆட்டோ பிடித்துச் சாந்தோம் போனோம். இப்போதுள்ள வெள்ளை ஆலயம் 1896-ல் திறந்தது. பின்பக்கமாகப் படியிறங்கினால் நிலவறையில் தோமையாரின் கல்லறை. ஆனால் கேளுங்கள், அதற்குள் அவர் இல்லை! எலும்புகளைப் பழங்காலத்திலேயே எதெஸ்ஸா என்ற ஊருக்கு எடுத்துப் போனார்கள். அங்கிருந்து கியோஸ் தீவு. 1258-ல் இத்தாலியின் ஓர்தோனா. இங்கே மிச்சம் ஒரு சிறு எலும்புத் துண்டும் ஈட்டி முனையும்தான்.

மாமியின் காதில் இதைச் சொன்னேன். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்பார் என்று நினைத்தேன். மாமி சாவகாசமாக, "எங்க பெருமாளுக்கு நெத்தியிலே ஒரு கண் உண்டு. திருமண் மறைச்சிருக்கும். பட்டர் அதைத் தூக்கி ஆரத்தி காட்டினாத்தான் தெரியும். மத்த நேரமெல்லாம் கண் இல்லேன்னா அர்த்தம்?" என்றார்.

எங்களுக்கு முன்னால் ஒரு குப்பத்து அம்மாள், மீன் வாசனை போகாத புடவையோடு, கல்லறையைப் பார்த்து வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். மருமகன் குடிப்பது, வட்டிக்காரன் வந்தது, எல்லாம். நடுநடுவே, "கேக்குதா இல்லையா உனக்கு?" என்று ஒரு அதட்டல் வேறு! அண்டை வீட்டுக்காரரிடம் பேசுவது போல. அவளுக்குச் சந்தேகமே இல்லை, அவர் அங்கேதான் இருக்கிறார்.

அவள் எழுந்து போன இடத்தில் நான் உட்கார்ந்தேன். தோமையாருக்குக் காயத்தைக் காட்டுவதற்கென்றே எட்டு நாள் கழித்து இயேசு மறுபடி வந்தார் என்பது நினைவுக்கு வந்தது. உயிர்த்த பிறகும் அந்தக் காயங்கள் ஆறிவிடவில்லை பாருங்கள். ஜெபம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"குக்கரை அப்பவே இறக்கிட்டேம்மா. அடிப்பிடிக்கலை."

நாலு வருஷத்து அழுகை அது. மாமி ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையை என் கையில் திணித்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அருகில் யாரோ இருப்பது போல, அம்மா என்று சொல்வதா, ஆண்டவர் என்று சொல்வதா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் பீரோ மேல்தட்டிலிருந்து பையை இறக்கினேன். மூக்குக் கண்ணாடி, பாதி தீர்ந்த தைலப் புட்டி, ஜெபமாலை. ஜெபமாலையில் இரண்டாம் பத்தில் ஒரு மணியைக் காணோம். எங்கே விழுந்ததோ! புதிதாகக் கோத்துத் தரட்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன். ராத்திரி ஜெபத்துக்கு இப்போது அதைத்தான் எடுக்கிறோம். மணி இல்லாத இடம் வந்ததும் என் பெண் வெறும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அருள்நிறை மந்திரத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த மணிக்குப் போகிறாள்.