மௌனம் சம்மதமாம்!

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்கிறார்கள். யார் கண்டுபிடித்த இலக்கணம் இது? வாய் படைத்தவன் கண்டுபிடித்தது. பிறர் வாயைப் பூட்டியவன் கண்டுபிடித்தது! பெண்ணைக் கேளாமலே மணம் பேசினான். அவள் வாய் திறக்கவில்லை, "சம்மதம்" என்றான். ஒதுக்கி வைக்கப்பட்டவனைக் கேளாமலே ஊர்க்கட்டுப்பாடு போட்டான். எதிர்ப்பாரில்லை, "ஒருமனதான முடிவு" என்றான்.

அந்த ஒருமனதை எழுதி வைக்க இன்று புதிய எழுத்தர் ஒருவர் வந்திருக்கிறார். அவர் பெயர் செயற்கை நுண்ணறிவு.

2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் ஊராட்சி அமைச்சகம் 'சபாசார்' எனும் கருவியை அறிமுகப்படுத்தியது. கிராம சபையின் ஒலிப்பதிவையோ ஒளிப்பதிவையோ அதனிடம் கொடுத்தால் போதும். பேச்சை எழுத்தாக்கி, நடவடிக்கைக் குறிப்பாகச் சுருக்கித் தந்துவிடும். தமிழும் அதற்குத் தெரியும். கடல் கடந்த நாடுகளிலோ முயற்சி இன்னும் ஒருபடி மேலே. பிரிட்டனில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு கூகுள் டீப்மைண்ட் நடத்திய ஆய்வு, 2024இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. மாறுபட்ட கருத்துடையோர்க்கு இடையே பொதுக்கருத்தை வரைந்து தரும் பணியில், மனித நடுவர் எழுதியதைவிட இயந்திரம் எழுதியதையே அவர்கள் அதிகம் விரும்பினராம்!

இயந்திரமா என்று அலறுவது நமது மரபன்று. புதுமை கண்டு மிரளுவது வைதீகத்தின் வேலை. நான் வரவேற்கிறேன். மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரையூர் ஒன்றின் கிராம சபையில் அமர்ந்திருக்கிறேன். பேச்சு தொடங்குமுன்னரே தீர்மானம் எழுதப்பட்டிருந்தது. கையொப்பம் மட்டுமே பாக்கி! குடிநீர்க் குழாய் பற்றி ஒரு மூதாட்டி முறையிட்டார். குறிப்பேட்டில் அவர் சொல்லுக்கு ஒரு வரியும் இல்லை. பேசிய பேச்சைக் காணாமற்போக விடாத கருவி எளியோர்க்குத் துணைதான்.

ஆனால், பேசாத பேச்சை அது எப்படி எழுதும்?

ஆசிரியத் தொழில் கற்பிக்கும் முதற்பாடம் இது: "புரிந்ததா?" என்று கேட்டதும் வகுப்பில் நிலவும் அமைதி, புரிந்ததன் அடையாளமன்று. கடைசி வரிசைச் சிறுமியின் வாயைத் திறக்க வைக்கும்வரை பாடம் முடியவில்லை. ஊருக்கும் அதுவே பொருந்தும்.

தமிழ்நாட்டுக் கிராம சபைகளின் பேச்சுப் பதிவுகளைக் கணினி வழியே ஆராய்ந்து, ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகிய மூவரும் 2019இல் ஆய்வுரை வெளியிட்டனர். பெண்கள் பேசுவது குறைவு. எதைப் பேசுவது என முடிவு செய்வது குறைவு. அதிகாரிகளிடம் தக்க பதில் பெறுவதும் குறைவு என்று அது கண்டது. இட ஒதுக்கீட்டால் பெண் தலைவர் அமர்ந்த ஊர்களிலோ, பெண்களின் குரல் செவிமடுக்கப்படும் வாய்ப்பு உயர்ந்தது. நோயைக் காட்டியது கணினி; நோய் தீர்த்த மருந்து இட ஒதுக்கீடு! கண்ணாடி அழுக்கைக் காட்டும். கழுவ வேண்டியது கைதான்.

இந்தக் கடற்கரையின் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளில் கூடி முடிவெடுப்போர், வழிவழியாக ஆண்களே. கூடை சுமந்து, மீன் விற்று, குடும்பம் காப்பவள் பெண். அங்கே ஒலிவாங்கியை வைத்தால் பிழையற்ற குறிப்பு கிடைக்கும். பாதி ஊரின் குறிப்பு!

உத்திரமேரூரைக் காட்டி மார்தட்டுவோர் உண்டு. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் குடவோலை முறை இருக்கிறது, மறுக்கவில்லை. குடத்தில் கைவிட்டு ஓலை எடுத்த சிறுவன் நடுநிலையாளன்தான். ஆனால் குடத்துக்குள் யார் பெயர் இருந்தது? வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவர், வேதம் கற்றவர்! உழுதவன் பெயர் இல்லை. பெண்ணின் பெயர் இல்லை. எடுக்கும் கை தூய்மையானால் போதுமா? இன்றைய இயந்திரமும் அந்தச் சிறுவன்தான். குடத்தை நிரப்புவது யார் என்பதே கேள்வி.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள், தோழர்களே! 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமை. சாதிப் பட்டத்தை ஒழிக்கவும், பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வழங்கவும் தீர்மானம் நிறைவேறியது. அந்நாளில் இந்த இயந்திரம் இருந்து, மாவட்டமெங்கும் கருத்துக் கேட்டுப் பொதுக்கருத்தைச் சுருக்கியிருந்தால் என்ன எழுதியிருக்கும்? "சாதி நீடிக்க வேண்டும், சொத்து மகனுக்கே" என்றுதான்! மாநாட்டில் கூடியோர் அன்று சிறுபான்மையினர்; ஆனால் நீதி அவர்கள் பக்கம். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என 1989இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சொல்லுக்கும் சட்டத்துக்கும் இடையே அறுபது ஆண்டு!

ஆகவே கருவியைத் துரத்த வேண்டாம், கட்டளையிடுவோம். இணக்கத்தை எழுதும் இடத்தில் மறுப்பையும் எழுதட்டும். எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் பேசினர், அவருள் பெண்கள் எத்தனை பேர் என்பதையும் எழுதட்டும். எழுதியதைச் சபையில் உரக்கப் படித்துக்காட்டி, ஊரார் திருத்திய பின்னரே கையொப்பம் என்றாகட்டும். எழுத்தர் இயந்திரமாக இருக்கலாம். முடிவு மனிதருடையதாக இருக்கட்டும்.

அதற்குமுன் நமக்கொரு வேலை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 – ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குத் தனியே போகாதீர்கள். அன்னையை அழைத்துச் செல்லுங்கள். தங்கையை அழைத்துச் செல்லுங்கள். தெருக்கோடியில் நின்றே பழகியவரை முன்வரிசையில் அமர்த்துங்கள். அவர்கள் பேசட்டும், பிறகு இயந்திரம் எழுதட்டும்!